பட்டாளத்து அப்பாவை நினைவில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன ஆவணியில் அப்பா காலமானார். வயது 68. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து, 2000-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அப்புறம் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி. அம்மாவுக்கு 41 வருடத் துணை. எனக்கும் தம்பிக்கும் அப்பா. பேரனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. கணியம்பாடிப் பக்கம் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் காரியம் முடிந்த நாளிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது. "எங்க அப்பாவும் மிலிட்டரிதான் கண்ணு, நேத்து ராத்திரி தவறிட்டாரு. கொடி போத்தலாமா?" "பென்ஷனுக்கு யாரைப் பாக்கணும்?" "நாலு வார்த்தை பேசச் சொல்றாங்க, என்ன பேசறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ராணுவ நடைமுறை சம்பந்தப்பட்டதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் எங்கள் வீட்டு அனுபவம்.

முதல் நாளில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கும். நீங்கள் மூன்று இடத்துக்குச் சொல்லுங்கள். ஒன்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெரியவர்கள் அதை இன்னும் 'சைனிக் போர்டு' என்பார்கள். இரண்டு, அவருடைய பல்டன், அதாவது பட்டாலியன் ஆட்கள். இப்போது எல்லா பட்டாலியனுக்கும் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஒருவரிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் போய்விடும். அப்பாவுக்கு மாலை எடுத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஒருவர் இரவு முழுக்க பஸ்ஸில் வந்தார். 1980-களில் ஒரே பங்கரில் இருந்தவராம். நாங்கள் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மூன்றாவது, பென்ஷன் வழங்கும் இடம். இது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே ஞாபகம் வையுங்கள்: அவர் இறந்த பிறகு அவர் கணக்கில் பென்ஷன் விழுந்தால் அதை ஏடிஎம்மில் எடுக்காதீர்கள். அது திரும்பப் பிடிக்கப்படும் பணம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணம் இல்லை. சான்றிதழில் ஐந்தாறு நகல் கையில் இருக்கட்டும்.

உடல் மேல் தேசியக் கொடி போர்த்தலாமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும், எங்கள் சித்தப்பா கொடி வாங்கவே கடைக்குப் போய்விட்டார். 2002-ம் ஆண்டின் இந்தியக் கொடி நெறிமுறைப்படி, அரசு மரியாதையோடோ ராணுவ அல்லது மத்திய துணை ராணுவப் படை மரியாதையோடோ நடக்கும் இறுதிச் சடங்கில்தான் கொடியைப் போர்த்தலாம். ஓய்வு பெற்றவர் என்பதாலேயே குடும்பத்தார் தாங்களாகப் போர்த்திவிட முடியாது. ராணுவ மரியாதையும் தானாக வந்துவிடாது. நல அலுவலகத்திடமும் பக்கத்து ராணுவ நிலையத்திடமும் கேட்டுப் பாருங்கள். சில சமயம் மலர் வளையத்தோடு ஆள் அனுப்புவார்கள்.

முறைப்படி கொடி போர்த்தப்படும்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்கும். தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்னால் அதை எடுத்துவிடுவார்கள். கொடியை எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவருடைய ரெஜிமென்ட் தொப்பியை, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கே உரிய அந்தக் கறுப்புக் குஞ்சத்தோடு, மார்பின் மேல் வைத்தோம். சுடுகாட்டு வாசலில் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பதவியை எப்படிப் போடுவது?

பதவி, பெயர், அதற்குப் பின்னால் (ஓய்வு). அவ்வளவுதான். உள்ள பதவியை உள்ளபடி போடுங்கள். நாயக் என்றால் நாயக். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் பிரஸ்காரரே 'மிலிட்டரி மேஜர்' என்று பதவி உயர்வு கொடுத்துவிடுகிறார். அது அவரைப் பெருமைப்படுத்துவதாகாது. ஹவில்தாரின் கையில் இருக்கும் மூன்று பட்டை ஒவ்வொன்றும் பல வருடம் உழைத்து வாங்கியது. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஏறி வந்தவருக்கு அதுவே போதுமான பட்டம். ஓய்வின்போது கௌரவ நாயப் சுபேதார், கௌரவ கேப்டன் போன்ற பதவி கிடைத்திருந்தால் 'கௌரவ' என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவசரத்தில் நாங்கள் போட்டது 30 வயதில் யூனிஃபார்மில் எடுத்த படம். மீசையும் நெஞ்சு நிமிர்த்தலுமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வயது மருமகன் போஸ்டர் முன்னால் நின்று, "இது யாரு அத்தை?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த தாத்தா கட்டம் போட்ட லுங்கியும் கைவைத்த பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குப் பட்டாணி உரித்துக் கொடுப்பவர். முப்பதாம் நாளுக்கு இரண்டு படமும் போட்டோம். நீங்கள் முதல் நாளே இரண்டு போடுங்கள்.

அப்பா எந்த வருடம் சேர்ந்தார், எங்கெல்லாம் இருந்தார் என்றே எங்களுக்குத் தெரியாது. எங்கே கிடைக்கும்?

முதலில் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பதவி, பதக்கம், நன்னடத்தை எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் பிபிஓ என்னும் பென்ஷன் ஆணை. இரண்டிலும் ஆர்மி நம்பர் இருக்கும். அந்த நம்பர் கையில் இருந்தால், படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கத்து வெல்லிங்டன். 'மெட்ராஸ் சாப்பர்' என்னும் எம்.இ.ஜி. பொறியாளர் படை ஆட்களுக்கு பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ.

காகிதம் எதுவுமே இல்லை என்றால் பதக்கத்தை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நம்பர், பதவி, பெயர் மூன்றும் சின்ன எழுத்தில் செதுக்கியிருக்கும். அப்பாவின் ஒரு பதக்கத்தில் 'சிப்பாய்' என்றும், பிறகு வாங்கியதில் 'நாயக்' என்றும், கடைசியில் 'ஹவில்தார்' என்றும் இருந்தது. நானும் அம்மாவும் வாசல்படியில் உட்கார்ந்து அதைப் படித்தோம். அம்மா ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்து, "இப்பத்தான் நீ பொறந்தே, இப்ப வீட்டுக்கு ஓடு மாத்தினோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதவியும் தேதியும் வெல்லிங்டனில் ஃபைலில் இருக்கும். ஓடு மாற்றிய கதை அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அன்று ராத்திரியே நோட்டில் எழுதிவிட்டேன்.

எந்தப் பதக்கம் எதற்கு?

எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பவற்றைச் சொல்கிறேன். 1965 போரில் இருந்தவர்களுக்கு ரக்ஷா பதக்கம், சமர் சேவா நட்சத்திரம். 1971 என்றால் சங்க்ராம் பதக்கம். அந்தப் போரில் கிழக்கே இருந்தவர்களுக்கு பூர்வி நட்சத்திரம், மேற்கே பஸ்சிமி நட்சத்திரம். 9,000 அடிக்கு மேல் இருந்தவர்களுக்கு உயர்மலைப் பதக்கம் உண்டு. சியாச்சினுக்குத் தனிப் பதக்கம். வெளிநாட்டில் பணி செய்தால் விதேஷ் சேவா. 9 வருடம், 20 வருடம் முடித்தால் நீண்ட சேவைப் பதக்கங்கள். 1972-ல் சுதந்திர வெள்ளி விழாவுக்கும் 1997-ல் பொன் விழாவுக்கும் கொடுத்தது தனி.

இவை எல்லாமே வீரப் பதக்கம் அல்ல. போஸ்டரில் 'வீரப்பதக்கம் பெற்றவர்' என்று போடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்கள். 20 வருட நீண்ட சேவைப் பதக்கத்தைப் பெயர் சொல்லிப் போட்டாலே போதும். 20 வருடம் என்பது சும்மா இல்லை.

பதக்கங்களைக் குடும்பத்தார் அணியலாமா?

நினைவிடங்களிலும் ராணுவ நிகழ்ச்சிகளிலும், மறைந்தவரின் பதக்கங்களை நெருங்கிய உறவினர் வலது மார்பில் அணிவது வழக்கம். இடது மார்பு வாங்கியவருக்கு மட்டும். ஆனால் யூனிஃபார்மை யாரும் போடக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு படைவீரர்போல நடமாடுவது சட்டப்படி குற்றம். பழைய யூனிஃபார்மைத் தானமாகவும் கொடுத்துவிடாதீர்கள்.

போரைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நினைவு மலரில் என்ன எழுதுவது?

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த கேள்வி இது.

1987 ஜூலை 29-ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதையொட்டி அமைதிப்படையில் போனவர்களில் அப்பாவும் ஒருவர். எனக்கு அப்போது இரண்டு வயது. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியபோது நம் பக்கம் சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள். அங்கே பொதுமக்கள் எத்தனையோ பேர் உயிரிழந்திருந்தார்கள். அப்பா தமிழர். அங்கே இருந்தவர்களும் தமிழர்கள். ரேடியோவில் கேட்கும் பாட்டுகூட ஒன்றுதான். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த பிறகு முப்பத்தைந்து வருடத்தில் அவர் அதைப் பற்றி எங்களிடம் சொன்னது ஒரே ஒரு சம்பவம். ஒரு ஊரில் ரோந்து போகும்போது தாகம். ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா நின்றிருக்கிறார். அப்பா தண்ணீர் கேட்கவில்லையாம், பார்த்ததோடு சரி. அந்த அம்மாவே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் அதிகாரிகள் ஜவான்களைக் கூப்பிடுவதே 'தம்பி' என்றுதான். பத்து வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவருக்கு, அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டதாம். "வேலூரும்மா" என்றாராம். செம்பைத் திருப்பிக் கொடுத்தாராம். இதோடு நிறுத்திவிடுவார். அடுத்து என்ன ஆனது என்று நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

நினைவு மலரில் இதை மட்டும், அவர் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதினேன். சொந்தத்தில் ஒருவர், "சண்டையில என்ன செஞ்சாருன்னு கொஞ்சம் சேர்த்துப் போடும்மா, நல்லா இருக்கும்" என்றார். சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அதை நாம் கற்பனையால் நிரப்பக் கூடாது. வேண்டுமானால் அவரோடு இருந்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னால், இன்னார் சொன்னது என்று தனியாக எழுதுங்கள். அப்பா சொன்னதுபோல எழுதாதீர்கள்.

வருடத்தில் பாதி நாள்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. 'குடும்பத் தலைவர்' என்று எப்படிச் சொல்வது?

இதை ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

வருடாந்திர விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவ் 30 நாள். அதில் போக வர ரயிலிலேயே நாட்கள் போகும். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்து செகந்திராபாத்தில் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். மற்ற வருடமெல்லாம் அப்பா எங்களுக்கு ஒரு முகவரி. பெயர், நம்பர், பட்டாலியன், மேற்பார்வை 56 ஏ.பி.ஓ. என்னும் ராணுவத் தபால் நிலையம். லடாக்கில் இருந்தாலும் அதே 56 ஏ.பி.ஓ., பஞ்சாபில் இருந்தாலும் அதேதான். ஊர் பெயரே இல்லாத அந்த முகவரியை நான் ஒன்றாம் வகுப்பிலேயே தப்பில்லாமல் எழுதுவேன்.

மாதா மாதம் மணியார்டர் வரும். பணம் கொடுத்துவிட்டு, ஃபாரத்தின் அடியில் இருக்கும் துண்டைத் தபால்காரர் கிழித்துக் கொடுப்பார். அதில் நாலு வரி எழுத இடம் இருக்கும். அப்பா அந்த நாலு வரியில் ஒரு வீட்டையே நடத்தினார். "ஐப்பசி மழைக்கு முன் தெற்கு மூலை ஓடு மாற்றவும்." "பாப்பாவுக்குக் கண் டாக்டரிடம் காட்டவும், புத்தகத்தைக் கிட்ட வைத்துப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய்." "உன் இருமல் எப்படி உள்ளது, மறைக்காமல் எழுதவும்." அம்மா அந்தத் துண்டுகளை ஒன்றுவிடாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருக்கிறார். 1984-லிருந்து எண்ணினால் நூற்றுக்கு மேல் இருக்கிறது.

லீவில் வந்தால் எனக்குத் தலை பின்னிவிடுவது அப்பாதான். எண்ணெய் தேய்த்து, மூன்று கால் எடுத்து, கயிறு திரிப்பதுபோல இறுக்கிப் பின்னுவார். கண் இரண்டும் மேலே இழுக்கும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் ஒரு முடி கலைந்திருக்காது. அவர் கிளம்பிப் போன மறுநாள் அம்மா பின்னினால் அது தளர்வாக இருக்கும், நான் அழுவேன். தலைவர் என்ற சொல்லெல்லாம் எனக்குத் தெரியாது. பின்னலின் இறுக்கம் தெரியும். நீங்களும் அப்படி ஒன்றைத் தேடி எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும்.

இரங்கல் கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேசலாம்?

ஐந்து நிமிடம். எழுதி வைத்துப் படியுங்கள், தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருப்பவர் வாங்கிப் படிக்க முடியும்.

அவருடைய கோபம், குடி இதையெல்லாம் சொல்லலாமா?

சொல்ல வேண்டியதை, சொல்லத் தகுந்தவர் சொல்லலாம். அண்டை வீட்டார் சொல்லக் கூடாது, பிள்ளைகள் சொல்லலாம். அப்பா கேன்டீன் ரம் குடிப்பார், அளவோடுதான். கோபம்தான் அளவில்லாதது. ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும், ஐந்துக்குப் போர்வை மடித்திருக்க வேண்டும், போர்வையின் ஓரம் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்க ஆசைப்பட்டார். தம்பி செல்போன் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போனான். இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு.

தம்பி இதைத்தான் பேசினான். கூட்டம் கொஞ்சம் நெளிந்தது. அப்புறம் அவன் சொன்னான்: "நான் கடை திறந்த அன்னிக்குக் காலையில ஏழு மணிக்குப் போனேன். ஷட்டர் முன்னாடி அப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு. சட்டை இஸ்திரி போட்டு, ஷூ பாலிஷ் போட்டு. உடைஞ்சே போகாத அவரு நோக்கியா போனை நீட்டி, இதுல சத்தம் கம்மியா இருக்கு, பாருன்னாரு." அன்று அழாதவர்கள் யாரும் இல்லை. கோபத்தை மறைத்திருந்தால் அந்த ஏழு மணிக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் எப்படி?

நினைவுகூர்வதில் இதுவும் சேர்த்திதான். அவர் விட்டுப் போன பொறுப்பில் முதலாவது அம்மா.

இப்போது ராணுவப் பென்ஷன் பெரும்பாலும் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறைக்கு வந்துவிட்டது. இறப்பை அதிலேயே தெரிவித்துக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். முடியாதவர்கள் பொது சேவை மையத்துக்குப் போகலாம், நல அலுவலகத்திலும் உதவுவார்கள். சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் 67 வயதுக்கு முன்பே இறந்தால், இறந்த நாளிலிருந்து 7 வருடம் அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். அப்பாவுக்கு 68 ஆகிவிட்டதால் அம்மாவுக்குச் சாதாரண விகிதம்தான். அம்மாவுக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு வயதில் இரட்டிப்பு.

சிக்கல் வருவது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புக்கில் 'லட்சுமி', ஆதாரில் 'மகாலட்சுமி' என்றிருந்தால் போச்சு. பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்றாலும் அதே கதைதான். அதைச் சரிசெய்ய ரெக்கார்ட் ஆபீஸ் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் பதிவுத் திருத்த ஆணை போட வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது அவரே ஒரு கடிதம் எழுதினால் முடிகிற வேலை, இறந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் வீட்டில் ஐந்து மாதம் இழுத்தது. ஒரு கவுன்டரில் அம்மாவைப் பார்த்து, "நீங்கதான் அவர் சம்சாரம்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஆதாரமாகச் செல்லாது என்று அவருக்கும் தெரியும். அப்பாவோ தாத்தாவோ இன்னும் உங்களோடு இருந்தால், இதைப் படித்து முடித்ததும் பிபிஓவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து இன்றைக்கே.

இசிஎச்எஸ் மருத்துவ வசதியும் கேன்டீன் வசதியும் மனைவிக்குத் தொடரும், கார்டை மட்டும் மாற்ற வேண்டும். மறைந்த படைவீரரின் மனைவிக்கான அடையாள அட்டையும், ஈமச் செலவுக்கான உதவி பற்றிய விவரமும் நல அலுவலகத்தில் கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும், அங்கேயும் மனு கொடுக்கலாம்.

அவர் பெயரில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

வங்கிக் காவலாளி வேலைக்காக வாங்கியது பலர் வீட்டில் இருக்கும். ஞாபகார்த்தமாக பீரோவில் வைத்திருக்கவே கூடாது. லைசென்ஸோடு எடுத்துப்போய்க் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தனக்கென்று லைசென்ஸ் வாங்கித்தான் வைத்துக்கொள்ள முடியும்.

போர் நினைவிடத்தில் அப்பாவின் பெயர் வருமா?

வராது. 2019 பிப்ரவரி 25-ல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் இருப்பது பணியில் உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள். வீட்டுக் கட்டிலில் கண்மூடியவர்களுக்கு அங்கே இடமில்லை, அது சரியும்கூட. ஆனால் குடும்பத்தோடு வெல்லிங்டன் போய் வரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த நிறுத்தமே வெல்லிங்டன். 1758-ல் தொடங்கிய ரெஜிமென்ட்டின் மையம் அங்கே இருக்கிறது. அப்பா 19 வயதில், வேலூர் வெயிலைத் தவிர எதுவும் தெரியாமல், ஒரு மஞ்சள் பையோடு வந்திறங்கிய இடம். உள்ளே போக முன்னனுமதி வேண்டும். நாங்கள் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டோரமாகவே நின்றோம். பயிற்சிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற முழக்கத்தை அப்பா வீட்டில் கரப்பான் பூச்சி அடிக்கும்போது சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். அம்மா அதை நினைத்துச் சிரித்தார். அவர் போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

திதி தவிர வேறு எந்த நாளில் நினைவுகூரலாம்?

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. பொங்கலை ஒட்டி வருவதால் பிள்ளைகள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். டிசம்பர் 7 கொடி நாள், அன்று அவர் பெயரில் கொடி நாள் நிதிக்குக் கொடுக்கலாம்.

அவருடைய டிரங்குப் பெட்டியை என்ன செய்வது?

அவசரப்பட்டுப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கறுப்புப் பெயிண்ட், மேலே வெள்ளை எழுத்தில் நம்பரும் பதவியும் பெயரும். பதவி மாறும்போதெல்லாம் பழையதை அழித்துப் புதிதாக எழுதிய தடம் இருக்கும். அப்பாவின் பெட்டியில் 'நாயக்'குக்குக் கீழே 'லான்ஸ்' இன்னும் மங்கலாகத் தெரிகிறது. நாற்பதாம் நாள் திறந்தோம். ரசகற்பூர வாசனை. கம்பளிச் சட்டை, ஷேவிங் கண்ணாடி, எனாமல் மக், நாங்கள் எழுதிய இன்லேண்டு லெட்டர் கட்டு. அடியில் சணல் கயிறு இரண்டு, சுருட்டி வைத்தது, இடையிடையே முடிச்சுப் போட்டது. கூடாரம் கட்டும் கயிறோ என்று தம்பி தனியே எடுத்து வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் திருநெல்வேலிக்காரர் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகக் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "லீவுக்கு வரும்போதெல்லாம் உங்க ரெண்டு பேரையும் கதவோரமா நிக்க வெச்சு அளந்து, தலை உசரத்துக்கு ஒரு முடிச்சு போட்டு எடுத்துட்டு வருவான். பாரக்ஸ்ல கட்டில் பக்கத்து ஆணியில ரெண்டையும் தொங்கவிட்டிருப்பான். தரையைத் தொட்டுக்கிட்டு நிக்கும். 'எம் பொண்ணு இப்ப இவ்ளோ உசரம் அண்ணே'ன்னு காட்டுவான்."

அப்பா எங்களைக் கதவோரம் நிறுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அசையாம நில்லு" என்பார், கயிற்றின் நுனியைக் கால் விரலால் மிதித்துக்கொள்ளச் சொல்வார். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். என் கயிற்றில் பதினேழு முடிச்சு. நுனியை மிதித்துக்கொண்டு அதே கதவோரம் நின்றேன், அம்மா பிடித்துப் பார்த்தார். கடைசி முடிச்சு காதுக்கு வந்தது.